கொட்டகை போனது, பெயர் நிற்கிறது!

பஸ் வந்து நிற்கிறது. "தியேட்டர் ஸ்டாப்! தியேட்டர் ஸ்டாப் எல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் கூவுகிறார்.

நாலைந்து பேர் இறங்குகிறார்கள். எதிரே தியேட்டர் இல்லை. ஓர் ஊரில் அந்த இடத்தில் ஜவுளிக் கடை இருக்கிறது. இன்னோர் ஊரில் கல்யாண மண்டபம் இருக்கிறது. வேறோர் ஊரில் முள் முளைத்த காலி மனை கிடக்கிறது. ஆனாலும் இறங்கியவர்கள் யாரும் திகைப்பதில்லை. கொட்டகை போய்விட்டது, அதன் பெயர் இடத்துக்குப் பெயராக நின்றுவிட்டது.

கூட வந்த பேரன்தான் கேட்கிறான்: "தாத்தா, தியேட்டர் எங்கே?"

தாத்தா சொல்ல ஆரம்பிக்கிறார். வீடு போய்ச் சேரும் வரை சொல்கிறார். சாப்பிட உட்கார்ந்த பிறகும் சொல்கிறார். பாட்டியும் சேர்ந்துகொள்கிறாள்.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இன்று நடக்கும் காட்சி இது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்று வட்டாரத்துத் தோல் தொழில் ஊர்களிலும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் மறைந்துபோன ஒரு கொட்டகையைப் பற்றிச் சொல்வார்கள்.

தாத்தா இருக்கும் வரை சொல்வார். அவருக்குப் பிறகு யார் சொல்வது? கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரே கூரையின் கீழே

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் அது. டேனரி வேலை உடம்பை முறிக்கும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் கையும் காலும் ஊறும். நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. வாரக் கூலி வாங்கியவன் குளித்துவிட்டு, வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு புறப்பட்டால் போகுமிடம் பெரும்பாலும் சினிமா கொட்டகைதான். அணாக் கணக்கில் டிக்கெட். தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புகள். தரை என்றால் மணல்தான். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். அதுவும் ஒரு வேடிக்கை.

கொட்டகைக்குள் விளக்கு அணைந்தது. அதன் பிறகு யார் முதலாளி, யார் கூலியாள் என்று பார்க்க வெளிச்சம் ஏது? வீட்டில் தமிழ் பேசுகிறவரும், உருது பேசுகிறவரும், தெலுங்கு பேசுகிறவரும் இந்த ஊர்க் கடைத் தெருக்களில் கலந்தே நடமாடுகிறார்கள். கொட்டகையிலும் அப்படியேதான். கதாநாயகன் வாளைச் சுழற்றினால் எல்லோரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். தாய் மகனைப் பிரிந்தால் எல்லோரும் ஒன்றாக மூக்கைச் சிந்தினார்கள்.

இதைச் சிறு விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான் என்பது அவருடைய கருத்து. அங்கே இடம் கிடைத்தது பிறப்பை வைத்து அல்ல, கையில் இருந்த காசை வைத்துத்தான் என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

கோயிலில் இன்னார் இந்த இடம் வரைதான் வரலாம் என்று தடை இருந்த நாட்கள் உண்டு. நாடகமும் கச்சேரியும் பல இடங்களில் பெரிய மனிதர்களுக்கே உரியவையாக இருந்தன. கொட்டகையின் டிக்கெட் ஜன்னலில் அந்தக் கேள்வி எழவில்லை. காசு கொடு, டிக்கெட் வாங்கு, உட்கார். அவ்வளவுதான்.

குறையும் உண்டு

பழையது என்பதால் எல்லாம் நல்லது என்று சொல்வதற்கில்லை.

காசு உள்ளவன் சேரில் உட்கார்ந்தான். இல்லாதவன் மணலில் உட்கார்ந்தான். பல கொட்டகைகளில் பெண்களுக்குத் தனித் தடுப்பு உண்டு. காற்றாடி உண்டு, காற்று இராது. மூட்டைப் பூச்சி கடிக்கும்.

ஆபத்தும் இருந்தது. ஓலை வேய்ந்த டூரிங் கொட்டகைக்கு ஒரு நெருப்புப் பொறி போதும். 1979 ஜூலையில் தூத்துக்குடியில் லட்சுமி டாக்கீஸ் என்ற டூரிங் கொட்டகை தீப்பிடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

ஆகவே, பழைய கொட்டகைகள் அனைத்தும் அப்படியே நின்றிருக்க வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. அவை எப்படி இருந்தன, யாருக்கு என்னவாக இருந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வாதம். நல்லதும் தெரிய வேண்டும். கெட்டதும் தெரிய வேண்டும்.

வேலூர் தந்த முன்னோடி

கொட்டகையின் கதையைச் சொன்னால் அதில் ஓடிய படத்தின் கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கதை வேலூரில் பிறந்த ஒருவரிடம் தொடங்குகிறது.

அவர் பெயர் ஆர். நடராஜ முதலியார். 1885-ல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்குப் போய் மோட்டார் கார், உதிரிச் சாமான் வியாபாரம் செய்தார். நல்ல வருமானம். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்குப் படம் பிடிப்பதில் ஆசை வந்துவிட்டது.

பூனாவுக்குப் போனார். அங்கே இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமிராவைக் கையாளக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து சென்னைப் புரசைவாக்கத்தில் 'இந்தியா பிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார். 'கீசக வதம்' என்ற படத்தை எடுத்தார். அது 1917-18 காலம். நாடக உலகில் பெரும் புகழ் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு யோசனை சொன்னார். பாரதக் கதை. திரௌபதியிடம் தகாத முறையில் நடந்த கீசகனைப் பீமன் கொல்லும் கதை.

அப்போது மின்சார விளக்குகளை வைத்துப் படம் பிடிக்கும் வசதி கிடையாது. சூரிய வெளிச்சம்தான் விளக்கு. வெயில் கடுமையாக விழாமல் இருக்க, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி அதன் கீழே நடித்தார்கள். பிடித்த படத்தைக் கழுவுவதற்குப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். படத்தின் நீளம் சுமார் 6,000 அடி. செலவு சுமார் 35 ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் பல தலைமுறை உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணம்!

தென்னாட்டில் எடுக்கப்பட்ட முதல் கதைப் படம் அதுதான். நடராஜ முதலியாரைத் 'தமிழ் சினிமாவின் தந்தை' என்று சொல்வது அதனால்தான். பிறகும் சில படங்களை எடுத்தார். ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. மகனையும் பறிகொடுத்தார். 1923-ஐ ஒட்டி அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்.

அது பேசாப் படம். நடிகர்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. இடையிடையே திரையில் எழுத்து வரும். அதைப் படித்தால்தான் கதை புரியும். வந்திருந்த கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அதற்காகவே கொட்டகையில் ஒருவர் இருப்பார். எழுத்து வரும்போதெல்லாம் அதை உரக்கப் படித்துச் சொல்வார். சண்டை வந்தால் அவரும் சேர்ந்து கத்துவார். கூட்டம் ஆரவாரம் செய்யும்.

படம் எங்கே?

'கீசக வதம்' படத்தை இப்போது பார்க்க முடியுமா? முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலத்துப் படச் சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாமல் தப்பினாலும், வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்து பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். ஓடி முடிந்த படத்தால் இனி லாபமில்லை என்று அதிலுள்ள வெள்ளிச் சத்தைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் இந்நாட்டில் உண்டு. வேண்டுமென்று அழித்தவர் யாரும் இல்லை. காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது போதாதா அழிவுக்கு?

தென்னாட்டில் எடுக்கப்பட்ட பேசாப் படங்களில் பெரும் பகுதி அழியாமல் கிடைத்திருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 1933-ல் வந்த படம். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தது.

அது எப்படித் தப்பியது? கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு வழக்குத்தான் அதைக் காப்பாற்றியது!

சி. வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய நாவலைத் தழுவிய படம் அது. நாவலை அச்சிடும் உரிமை திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கம்பெனியிடம் இருந்தது. தங்கள் அனுமதி இல்லாமல் படம் எடுத்தது தவறு என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். படம் நின்றது. சுருள்கள் புத்தகக் கம்பெனியின் வசம் போய்ச் சேர்ந்தன. பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. 1964-ல் பூனாவில் அரசாங்கம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. 1974-ல் அந்தச் சுருள்கள் காப்பகத்துக்குக் கிடைத்தன.

ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓட முடியாமல் முடங்கிய படம் தப்பிப் பிழைத்தது! படத்தை எடுத்தவருக்கு அந்த வழக்கு பெரும் நஷ்டம். நாட்டுக்கோ அதனால் ஒரு செல்வம் மிஞ்சியது.

சாமிக்கண்ணு கட்டிய கொட்டகை

படங்களுக்கு நேர்ந்த கதிதான் கொட்டகைகளுக்கும் நேர்ந்தது. இதற்குக் கோயமுத்தூரைப் பார்க்க வேண்டும்.

கோயமுத்தூரில் பிறந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வேயில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்தார். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் இயந்திரத்தோடு அந்தப் பக்கம் வந்தார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். இயந்திரத்தையும் படங்களையும் விற்றுவிட எண்ணினார்.

விலை 2,250 ரூபாய். சாமிக்கண்ணுவின் ஏழரை வருஷச் சம்பளம்! எப்படியோ பணத்தைப் புரட்டிக் கொடுத்தார். இயந்திரத்தை வாங்கினார். உத்தியோகத்தை விட்டார்.

அதன் பிறகு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். வடக்கே பெஷாவர் வரை போனார். மின்சாரம் இல்லாத ஊர்களில், அசையும் உருவத்தைக் கண்டு மக்கள் வாயைப் பிளந்தார்கள்.

கையில் காசு சேர்ந்ததும் சொந்த ஊருக்கு வந்தார். 1914-ல் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். அதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே இயந்திரம் வைத்து உண்டாக்கினார். அந்த மின்சாரத்தைக்கொண்டு அச்சகமும் அரைவை மில்லும் நடத்தினார். சினிமா வந்த வழியிலேயே ஊருக்கு மின்சாரமும் வந்தது! தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய பிறகு, 1933-ல் 'வள்ளி திருமணம்' படத் தயாரிப்பிலும் அவர் பங்கு கொண்டார். 1942-ல் காலமானார்.

அந்தக் கொட்டகை பிற்காலத்தில் 'டிலைட்' என்று பெயர் மாறியது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நின்றது. ஆனால் 2020-களில் இடிக்கப்பட்டுவிட்டது.

இன்று கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. வெரைட்டி ஹால் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரை உச்சரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த 25 ரூபாய்ச் சம்பளக்காரரின் துணிச்சல் தெரியும்?

தபாலாபீஸ் காப்பாற்றியது

சென்னையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இரண்டு கொட்டகைகள் எழுந்தன.

ஒன்று, வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913-ல் மவுண்ட் ரோடில் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர். மற்றொன்று, சென்னையில் போட்டோ ஸ்டூடியோ நடத்திய ரகுபதி வெங்கையா 1914-ல் கட்டிய கெயிட்டி.

கெயிட்டி பல தலைமுறைகள் ஓடியது. பிற்காலத்தில் இடித்துத் தள்ளப்பட்டது. எலெக்ட்ரிக் தியேட்டர் ஓடியதோ இரண்டே ஆண்டுகள்தான். 1915-ல் படம் காட்டுவது நின்றது. ஆனால் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது!

காரணம், அதைத் தபால் இலாகா வாங்கிக்கொண்டது. அண்ணா சாலைத் தலைமைத் தபாலாபீஸ் வளாகத்தில் அந்தக் கட்டடத்தை இப்போதும் பார்க்கலாம். தபால் தலை சேகரிப்போருக்கான பிரிவு அங்கே இயங்குகிறது. தபால் தலை வாங்கப் போகும் பிள்ளைகள், சென்னை மக்கள் முதன்முதலில் சினிமா பார்த்த இடங்களில் ஒன்றில் கால் வைக்கிறார்கள்.

சினிமாவுக்காகவே பல தலைமுறை உழைத்த கொட்டகை போயிற்று. இரண்டு ஆண்டில் கடையைக் கட்டிய கொட்டகை நிலைத்தது.

மதுரையில் தங்கம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்தார்கள். 2,500-க்கு மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று மதுரைக்காரர்கள் மார் தட்டினார்கள். அதுவும் இன்று இல்லை. அத்தனை பெரியதையும் காப்பாற்ற ஒரு தபாலாபீஸ் வாய்க்கவில்லை.

இவற்றிலிருந்து ஒன்று விளங்குகிறது. தப்பியவை எல்லாம் தற்செயலாகத் தப்பியவை. ஒன்றை வழக்கு காப்பாற்றியது. மற்றொன்றைத் தபாலாபீஸ் காப்பாற்றியது. வேண்டுமென்று யாரும் காப்பாற்றவில்லை. ஓர் ஊரின் நினைவைத் தற்செயலிடம் விட்டுவிடலாமா?

முதலாளி மீது குற்றமா?

கொட்டகையை இடித்தவர் மீது பழி போடுவது சுலபம். அது நியாயம் ஆகாது.

1975-ல் சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. முதலில் பணக்காரர் வீட்டில் மட்டும் பெட்டி இருந்தது. 1980-களில் தெருவுக்குத் தெரு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு ஊரே பெட்டி முன்னால் உட்கார்ந்தது. அப்புறம் வீடியோ காஸெட். அதற்குப் பிறகு கேபிள். இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கொட்டகை இருக்கிறது.

இயந்திரமும் மாறியது. முன்பு இரண்டு கார்பன் தண்டுகளுக்கு நடுவே பொறி பறக்கும் வெளிச்சத்தில் படம் ஓடியது. ஆபரேட்டர் அந்தச் சூட்டில் வெந்துகொண்டே, தண்டு தேயத் தேய நகர்த்திக்கொண்டிருப்பார். ஒரு வினாடிக்கு 24 படங்கள் வீதம் சுருள் ஓட வேண்டும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒரே இயந்திரம் உள்ள டூரிங் கொட்டகையில் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதான். முறுக்குக்காரருக்கும் சோடாக்காரருக்கும் கொண்டாட்டம். பிற்பாடு கம்ப்யூட்டர் மூலம் படம் காட்டும் முறை வந்தது. சுருளே இல்லாமல் போயிற்று. புது இயந்திரம் வாங்கப் பல லட்சம் வேண்டும். சிற்றூர்க் கொட்டகைக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகையில் முப்பது பேர் உட்கார்ந்தால் மின்சாரக் கட்டணத்துக்கும் காணாது. கடைத் தெருவில் இருக்கும் மனைக்கோ விலை ஏறிக்கொண்டே போகிறது. முதலாளி என்ன செய்வார்? நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு நினைவைக் காப்பாற்று என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கட்டடம் அவருடையது. ஆனால் நினைவு ஊருடையது. அதைக் காப்பாற்றும் கடமையும் ஊருடையதுதான்.

செலவில்லாத வேலை

என்ன செய்யலாம்?

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் போட்டோ எடுக்கலாம். முகப்பு, டிக்கெட் ஜன்னல், ஆபரேட்டர் அறை, தரை டிக்கெட் நுழையும் வழி ஆகிய எல்லாவற்றையும் எடுக்கலாம். இன்று கையில் போன் இல்லாதவர் யார்?

பழைய இயந்திரம் எடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ அதை வைத்தால், வெளிச்சமும் கண்ணாடியும் எப்படிப் படமாக மாறின என்று பிள்ளைகள் நேரில் கற்றுக்கொள்வார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்போது சுவரில் ஒரு சிறு கல் பதிக்கலாம். "இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இங்கே இன்ன தியேட்டர் இருந்தது" என்று இரண்டு வரி போதும். புது முதலாளிக்கும் அது பெருமைதான்.

வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வெட்டும் சிலையும் பார்க்க மக்கள் போகிறார்கள். வேலூரில் பிறந்து தமிழ் சினிமாவைத் தொடங்கி வைத்த நடராஜ முதலியாருக்கும், இந்த வட்டாரத்துப் பழைய கொட்டகைகளுக்கும் அங்கே ஒரு மூலையை ஒதுக்கலாம். பழைய நோட்டீசு, டிக்கெட் துண்டு, பாட்டுப் புத்தகம் ஆகியவை இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள். கேட்பார் வேண்டும்.

எழுதத் தெரிந்த காலம்

எல்லாவற்றையும்விட எளிய வேலை ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

பத்துப் பைசா நோட்டுப் புத்தகக் காலம் போய்விட்டது. இருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது கஷ்டமில்லை. வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்லப் பேரனோ பேத்தியோ எழுத வேண்டும்.

எந்தக் கொட்டகை? எந்தத் தெரு? டிக்கெட் எவ்வளவு? யாரோடு போனீர்கள்? என்ன படம்? நடந்து போனீர்களா, மாட்டு வண்டியிலா? பெண்கள் தனியாக உட்கார்ந்தார்களா? வீட்டுக்குத் தெரியாமல் போய் அடி வாங்கியது உண்டா? அங்கே வேலை பார்த்தவர்கள் யார்? எப்போது மூடினார்கள்? கடைசியாக என்ன படம் ஓடியது?

இந்தப் பதினொரு கேள்விக்கும் பதில் எழுதினால் நாலு பக்கம் வரும். ஒரு தெருவில் பத்து வீட்டார் எழுதினால் நாற்பது பக்கம் வரும். அதுதான் அந்தக் கொட்டகையின் சரித்திரம். ராஜாக்களின் சரித்திரத்தை எழுதப் புலவர்கள் இருந்தார்கள். மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களின் சரித்திரத்தை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

நாளைக்கு என்று தள்ளிப் போட முடியாது. கொட்டகையின் செங்கல்லை ஒரே வாரத்தில் அள்ளிவிடுகிறார்கள். பெரியவர்களின் நினைவு அதைவிடச் சீக்கிரம் போய்விடும். 'கீசக வதம்' படத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அவர்கள் இருந்தபோது யாராவது கேட்டு எழுதி வைத்திருந்தால், படம் போனாலும் அதைப் பார்த்தவர்களின் வியப்பாவது மிஞ்சியிருக்கும்.

பேசாப் படக் காலத்தில் திரையில் வந்த எழுத்தைக் கூட்டத்துக்குப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அன்று ஊரில் எழுத்துத் தெரிந்தவர் சிலரே. இன்று வீட்டுக்கு ஒருவராவது எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கையாலேயே எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தியேட்டர் ஸ்டாப்பில் பஸ் நிற்கும். கண்டக்டர் கூவுவார். இனிமேல் பிறக்கும் பிள்ளையும் ஒருநாள் கேட்கும்: "தியேட்டர் எங்கே?"

அன்று பதில் சொல்லத் தாத்தா இருக்க மாட்டார். அவர் சொல்லிப் பேரன் எழுதிய நோட்டுப் புத்தகமாவது அந்த வீட்டில் இருக்கட்டும்.